அரைக்குக் கால்

விகிதக் கணக்கு என்று யாராவது வாயெடுத்தால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. கணக்கு டீச்சர் இப்படிச் சொல்லக் கூடாதுதான். கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொடுத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன், அங்கேயும் இதே கணக்குத்தான். முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் உள்ள விகிதத்தைப் பின்னத்தில் கொடுத்திருப்பார்கள். இரண்டாம் ஆளுக்கும் மூன்றாம் ஆளுக்கும் உள்ளது வேறொரு பின்னத்தில் இருக்கும். எல்லாரையும் ஒரே வரிசையில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். தொடர் விகிதம் என்று பெயர். பின்னத்தை முழு எண்ணாக்கு, நடுவில் இருக்கிற ஆளை இரண்டு பக்கமும் சமமாக்கு, அவ்வளவுதான். நான் பலகையில் எழுதி முடிப்பதற்குள் முன்பெஞ்சில் இருந்து விடை வந்துவிடும்.

வகுப்பில் வருகிற முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் வாய் கிடையாது. எங்கள் கிணற்றில் பங்கு உள்ள நாலு பேருக்கும் வாய் உண்டு. வித்தியாசம் அதுதான்.

காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்கு இருப்பது கூட்டுக் கிணறு. கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, தோட்டம் நான்கு. கிணற்றை ஒட்டி இருப்பது பெரியப்பாவின் தோட்டம். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் அவர். அதற்குக் கீழே மாமாவின் தோட்டம், பெரியப்பாவின் தங்கையைக் கட்டியவர். அதற்கும் கீழே சித்தப்பா, அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. எல்லாவற்றுக்கும் கடைசியில், ஓடைக்கரையில், எங்கள் பன்னீர் திராட்சைப் பந்தல். அப்பா போன பிறகு அது என் தலையில் வந்தது. வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளிக்கு ஏறினால் சாயந்தரம்தான் இறங்குவார். ஆகவே பந்தலுக்கு மருந்தடிக்க ஆள் பிடிப்பதில் இருந்து மடை மாற்றுவது வரைக்கும் நான்தான்.

இந்த நாலு தோட்டத்துக்கும் சேர்த்து ஒரு காலத்திலும் ஒரே பேச்சு நடந்ததில்லை. அங்கேதான் வினையே. பெரிய புஞ்சையைப் பிரித்தபோது அதில் பாதி பெரியப்பாவுக்கும் மூன்றில் ஒரு பங்கு மாமாவுக்கும் வந்தது. மிச்சம் கிணறும் வண்டிப்பாதையும் களமுமாகப் பொதுவில் நின்றது. நிலம் எப்படியோ தண்ணீரும் அப்படியே என்று வைத்துக்கொண்டார்கள். ஆக, அவர்களுக்குள் அரைக்கு மூன்றில் ஒன்று. பிறகு கிணற்றை ஆழப்படுத்தியபோது மாமாவோடு சித்தப்பா வந்து சேர்ந்தார். மாமா முக்கால் மணி நேரம் பாய்ச்சினால் சித்தப்பா அரை மணி நேரம் பாய்ச்சிக்கொள்வது என்று பேச்சு. முக்காலுக்கு அரை. அதற்கும் பிறகு அப்பா ஓடைக்கரை நிலத்தை வாங்கினார். அங்கே தண்ணீர் போக வேண்டுமானால் சித்தப்பாவின் குழாயில் இருந்துதான் எடுக்க வேண்டும். அண்ணன் தம்பி உட்கார்ந்து பேசினார்கள். தம்பி அரை நாள் பாய்ச்சினால் அண்ணன் கால் நாள். அரைக்குக் கால்.

அதாவது ஒவ்வொருவருக்கும் தனக்கு அடுத்த தோட்டத்துக்காரரோடு உள்ள கணக்கு மட்டும்தான் தெரியும். பெரியப்பாவுக்கும் எனக்கும் என்ன கணக்கு என்று கேட்டால் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லாமல் இருந்தது. கிணறு நிறையக் கிடந்தது. யார் எவ்வளவு நேரம் ஓட்டினால் என்ன? பெரியப்பா போதும் என்று நிறுத்தினால் மாமா, மாமா நிறுத்தினால் சித்தப்பா, அவர் நிறுத்தினால் நான். பின்னமாவது விகிதமாவது.

இந்த வருஷம் மழை ஏமாற்றியது. கிணறு இறங்கிக்கொண்டே போனது. காலையில் மோட்டாரைப் போட்டால் ஏழு மணி நேரம், அதற்கு மேல் காற்று இழுக்க ஆரம்பித்துவிடும். மறுநாள் காலைக்குள் ஊறுகிற ஊற்றுத்தான் மறுநாளைக்கு. நானும் போர் போட்டுப் பார்த்தேன், புழுதிதான் வந்தது. ஏழு மணி நேரத்தில் பெரியப்பாவின் தென்னையும் மாமாவின் வாழையும் குடித்து, சித்தப்பாவின் திராட்சையும் குடித்து, எனக்கு என்ன மிஞ்சும்? ஒரு நாள் குழாய் நனையும். ஒரு நாள் அதுவும் இல்லை.

அந்தச் சமயம் பார்த்து என் பந்தலில் பிஞ்சு மிளகு அளவுக்கு வந்து நின்றது. திராட்சை வைத்திருக்கிறவர்களுக்கு இது புரியும். கவாத்து வெட்டி, பூவெடுத்து, பிஞ்சு பிடித்து, அது பருக்கிற நேரத்தில் தண்ணீர் தப்பினால் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை. காய் சூம்பிப் போகும். ஒரே கொத்தில் நாலு கருப்பு, நாலு சிவப்பு, மிச்சம் பச்சை என்று நிற்கும். வியாபாரி பந்தலுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "வாரேன்த்தா" என்று வண்டியை எடுப்பார், திரும்பி வர மாட்டார். அந்த ஒரு வெள்ளாமை எனக்கு வந்தாக வேண்டும். என் வருஷமே அதில்தான் இருந்தது.

சண்டை போட்டுப் பார்ப்பதைவிடக் கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை காலையில் மூன்று பேரையும் மோட்டார் ரூமுக்கு வரச் சொன்னேன். பெரியப்பா துண்டை விரித்துக் களத்து விளிம்பில் உட்கார்ந்தார். மாமா நின்றுகொண்டே இருந்தார். சித்தப்பா வந்ததில் இருந்தே கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கப் பார்க்கத் தண்ணீர் ஏறும் என்பதுபோல. நான் பையில் இருந்து சாக்பீஸை எடுத்து மோட்டார் ரூம் சுவரில் எழுதினேன்.

"மொதல்ல பின்னத்த எடுத்துருவோம்" என்றேன். "பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் அரைக்கு மூணுல ஒண்ணு. ரெண்டையும் ஆறால பெருக்குனா மூணுக்கு ரெண்டு. அதாவது பெரியப்பா மூணு மணி நேரம் பாய்ச்சுனா மாமா ரெண்டு மணி நேரம். சரியா?"

சரி என்று தலையாட்டினார்கள்.

"மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் முக்காலுக்கு அரை. நாலால பெருக்குனா மூணுக்கு ரெண்டு. சித்தப்பாவுக்கும் எனக்கும் அரைக்குக் கால். அதையும் நாலால பெருக்குனா ரெண்டுக்கு ஒண்ணு."

அதற்கும் தலையாட்டினார்கள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. வகுப்பில் இப்படித் தலையாட்டுகிறவர்களை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த நிமிடம் மாமா சுவருக்குப் பக்கத்தில் வந்து விரலை வைத்தார்.

"இங்கன பாருத்தா. பெரியவுக கூட எனக்கு ரெண்டு. ஒஞ் சித்தப்பன் கூட எனக்கு மூணு. ரெண்டும் மூணும் அஞ்சு. என் பேருக்கு அஞ்சு போடு."

"மாமா, ரெண்டு எடத்துலயும் இருக்கது ஒரே ஆளு. ரெண்டு தடவ கூட்டக் கூடாது."

"ஏன் கூட்டக் கூடாது? ரெண்டு பேருகிட்டயும் நான்தான பேசுனேன்? அவுககிட்ட ஒரு பேச்சு, இவன்கிட்ட ஒரு பேச்சு."

"பேச்சு ரெண்டுதான், தோட்டம் ஒண்ணுதான மாமா?"

"தோட்டம் ஒண்ணுதான். பேச்சு ரெண்டுல்ல?"

அவர் விளையாடவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். இரண்டு பேரோடு ஒப்பந்தம் வைத்திருக்கிற மனுஷனுக்கு ஒரே ஒரு பங்கு என்றால் அது அவருக்கு அநியாயமாகப் பட்டது. என் சர்வீஸில் எத்தனையோ தப்பான விடையைத் திருத்தியிருக்கிறேன், இப்படி ஒரு தப்பை எந்த மாணவனும் எழுதிக் கொடுத்ததில்லை. தன் பெயர் அந்தக் கணக்கில் இருந்தால்தான் இந்தத் தப்பு வரும் போலிருக்கிறது.

ஒரு வழியாக அவரை விலக்கி நிறுத்திவிட்டு மேலே போனேன். மாமாவுக்கு ஒரு பக்கம் இரண்டு, ஒரு பக்கம் மூன்று என்று இருப்பதால்தான் குழப்பம், இரண்டையும் ஆறாக்கிவிடலாம் என்றேன். முதல் கணக்கை மூன்றால் பெருக்கினால் ஒன்பதுக்கு ஆறு. இரண்டாவதை இரண்டால் பெருக்கினால் ஆறுக்கு நாலு. சித்தப்பாவுக்கு நாலு என்று ஆகிவிட்டதால் மூன்றாவதையும் இரண்டால் பெருக்கினால் நாலுக்கு இரண்டு. ஆக பெரியப்பாவுக்கு ஒன்பது, மாமாவுக்கு ஆறு, சித்தப்பாவுக்கு நாலு, எனக்கு இரண்டு. சுவரில் பெரிதாக எழுதினேன்.

பெரியப்பா அதை அண்ணாந்து பார்த்தார். "மூணு ஒம்போதாயிருச்சா? அப்பக் கணக்குச் சரிதான்" என்றார்.

சித்தப்பாவுக்குப் பற்றிக்கொண்டது. "அதெப்படிச் சரியாகும்? அண்ணனுக்கு மூணு மடங்கு ஏத்திருக்க. எனக்கு ரெண்டு நாலாயிருக்கு, ரெண்டு மடங்குதான். ஏத்தா, நீ என் அண்ணன் மகளா, அவுக மகளா?"

"சித்தப்பா, ஏத்தவே இல்ல. ஒரு தோசைய நாலாப் பிட்டா என்ன, ஒம்போதாப் பிட்டா என்ன? அதே தோசதான? எண்ணிக்கதான் கூடுது."

"அப்ப எனக்கும் ஒம்போதாப் பிட்டுப் போடு."

நான் சாக்பீஸைக் கீழே போட்டேன். போடவில்லை, எறிந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு எனக்கே ஒரு வழி தோன்றியது. பங்கு, மடங்கு என்றெல்லாம் பேசினால்தானே வம்பு? மணிக்கணக்காகவே சொல்லிவிட்டால் என்ன? ஒன்பதும் ஆறும் நாலும் இரண்டும் இருபத்தொன்று. மோட்டார் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் ஓடுகிறது. மூன்று நாளைக்கு இருபத்தொரு மணி நேரம். பார்த்ததும் எனக்கே புல்லரித்தது. பாடப் புத்தகத்துக் கணக்குக்கூட இவ்வளவு சுத்தமாக வராது. மூன்று நாள் ஒரு சுற்று. பெரியப்பா ஒன்பது மணி நேரம், மாமா ஆறு, சித்தப்பா நாலு, நான் இரண்டு. நிமிடம்கூட மிச்சமும் இல்லை, குறையும் இல்லை.

மணி நேரம் என்றதும் பெரியப்பாவும் மாமாவும் அடங்கினார்கள். ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் அவர்கள் ஓட்டிக்கொண்டும் இருந்தார்கள். சித்தப்பாதான் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"என் நாலு சரி. ஒனக்கு எதுக்குத்தா ரெண்டு மணி நேரம்? ஒங்க அப்பாவுக்கும் எனக்கும் பேச்சு அரைக்கால்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. அரைக்கால் என்றால் காலில் பாதி. எட்டில் ஒன்று. அரைக்கால் படி என்று எங்கள் பக்கத்தில் அளந்து வாங்கியவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். அப்பாவும் சித்தப்பாவும் பேசியது அரைக்குக் கால், தம்பிக்கு அரை நாள் என்றால் அண்ணனுக்குக் கால் நாள். வருஷக்கணக்கில் வாயில் புழங்கிப் புழங்கி நடுவில் இருந்த 'க்கு' தேய்ந்துவிட்டது. "அரைக்கால் தண்ணி திறந்து விடுப்பா" என்று அப்பாவே வரப்பில் நின்று கத்துவார். இப்போது சித்தப்பா அந்தத் தேய்ந்த சொல்லைப் பிடித்துக்கொண்டார். அவருடைய நாலு மணி நேரத்தில் எட்டில் ஒன்று என்றால் எனக்கு அரை மணி நேரம். மூன்று நாளைக்கு ஒரு தடவை அரை மணி நேரம்! அதில் என் பந்தலுக்குத் தொண்டை நனையாது.

"அரைக்கால் இல்ல சித்தப்பா, அரைக்குக் கால்!"

"அரைக்கால்னுதான் நானும் கேட்டுருக்கேன்" என்றார் பெரியப்பா, யாரும் கேட்காமலே. "ஒங்கப்பன் வாயாலதான் கேட்டுருக்கேன்."

கணக்கில் தோற்றாலாவது மனசு ஆறும். ஒரு வேற்றுமை உருபில் தோற்பதா? கோபத்தில் நான் ஒன்றைச் சொன்னேன். "சரி, அரைக்கால்னே வச்சுக்கிருவோம். எதுல அரைக்கால்? மொத்தக் கிணத்துலயா? இருபத்தொரு மணி நேரத்துல எட்டுல ஒண்ணுன்னா எனக்கு ரெண்டரை மணி நேரத்துக்கு மேல வருது. குடுங்க." அதுவரைக்கும் தங்களுக்குள் முறைத்துக்கொண்டிருந்த மூன்று பேரும் ஒரே ஆளாக மாறி என்மேல் பாய்ந்தார்கள். மொத்தக் கிணற்றில் பங்கு கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாளா என்று பேச்சு எங்கெங்கோ போனது. கூட்டம் அத்தோடு கலைந்தது.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்து பஸ் இறங்கி நேராகப் பந்தலுக்குத்தான் போவேன். இலை ஓரம் சுருள ஆரம்பித்திருந்தது. பிஞ்சை விரலால் தொட்டுப் பார்ப்பேன், நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு சுற்றும் பருத்திருக்காது. சாயந்தரம் வீட்டுக்காரர் வந்து, "கணக்கு டீச்சர் கணக்கே தண்ணி இல்லாமத் தவிக்குது" என்று கேலி பேசினார். சோற்றுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன், பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இதே மாதிரி ஒரு கணக்கு. ஒரு பெண் எழுந்து கண்ணிமைக்கும் நேரத்தில் விடையைச் சொன்னாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்பா மேடம்?" என்றாள். "விடை சரிதான். அந்த நாலு பேரும் ஒத்துக்கிறணும்ல?" என்றேன். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் மோட்டார் ரூமில் கூடினோம். இந்தத் தடவை சித்தப்பாதான் முதலில் ஆரம்பித்தார். பெரியப்பாவைப் பார்த்து மூச்சு விடாமல் பேசினார். "அண்ணே, நானும் பொறுத்துப் பொறுத்துத்தான் போறேன். இத்தன வருசமா என் தண்ணியில பாதிய இவகதான் கொண்டு போறாக. நான் ஒரு வார்த்த கேட்டுருப்பனா?"

மாமா சட்டென்று திரும்பினார். "ஏப்பா, என்ன சொன்ன? பாதியா?"

"பாதிதான்! ஊருக்கே தெரியும்."

"ஆமா, ஊருக்கே தெரியும். டீக்கடையில ஒக்காந்து நீதான சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச, அண்ணன் வீட்டுக்குப் பாதித் தண்ணி போகுதுன்னு. எட்டுல ஒண்ணு கொண்டு போனா நீ ஏன்யா பொலம்பப் போற? நாலுல பாதி ரெண்டுதான?"

மாமா எனக்காகப் பேசவில்லை. அவருக்கு ஐந்து கிடைக்காத கோபம் இருந்தது, அதை யார்மேலாவது காட்ட வேண்டியிருந்தது. எப்படியோ, வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நான் விளக்கியும் ஏறாதது, சித்தப்பாவின் சொந்தப் புலம்பலால் ஏறியது. அவர் கிணற்றைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், "அது... வயித்தெரிச்சல்ல சொன்னது" என்று முனகினார். பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"சரித்தா. நீ கேட்ட ரெண்டு மணி நேரம் ஒனக்கு. நாளையில இருந்து சுத்து ஆரம்பம்."

வரப்பில் நடந்து வரும்போது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் திமிராகவும் இருந்தது. நாலு பேரை ஒரே வரிசையில் நிறுத்திவிட்டேன் அல்லவா? அப்பாவும் சித்தப்பாவும் பேசியது, மாமாவும் சித்தப்பாவும் பேசியது, பாகப்பிரிவினையில் பேசியது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒன்பது, ஆறு, நாலு, இரண்டு என்று சுவரில் நிற்கிறது. இனி எவராலும் அழிக்க முடியாது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

முதல் நாள் ஏழு மணி நேரமும் பெரியப்பா. இரண்டாம் நாள் காலையில் அவருடைய மிச்சம் இரண்டு மணி நேரம், பிறகு மாமா. மூன்றாம் நாள் மாமா தன் கடைசி ஒரு மணி நேரத்தை முடித்தார், சித்தப்பா நாலு மணி நேரம் பாய்ச்சினார். எனக்கு அன்றைக்கு அரைநாள் லீவு. சித்தப்பா கேட்வால்வைத் திருப்பிவிட்டு, கைக்கடிகாரத்தைக் காட்டி, "பாத்துக்க, உன் நேரம் ஆரம்பம்" என்றார். நான் பந்தலுக்கு ஓடிக் குழாய் வாயில் நின்றேன்.

தண்ணீர் வந்தது. கால்வாசிக் குழாய்க்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இளைத்தது. குழாய் இருமியது, காற்று வந்தது, கொஞ்சம் தண்ணீர், மறுபடி காற்று. மேலே மோட்டார் சத்தம் மாறுவது இங்கே வரைக்கும் கேட்டது. என் இரண்டு மணி நேரத்தில் பாதி போவதற்குள் கிணறு நின்றுவிட்டது. நிறுத்தாவிட்டால் மோட்டார் கருகிவிடும் என்று மாமா ஓடிப்போய் நிறுத்தினார். பந்தலுக்குள் முதல் நாலு வரிசைக்கு மண் கறுத்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.

எல்லா மணி நேரமும் ஒன்று என்று வைத்துத்தான் நான் கணக்குப் போட்டேன். காலையில் மோட்டார் போட்டதும் வருகிற முதல் மணி நேரத்துத் தண்ணீரும், கிணறு வற்றி வருகிற கடைசி மணி நேரத்துத் தண்ணீரும் ஒன்றா? என் இரண்டு மணி நேரம் எப்போதும் மூன்றாம் நாளின் கடைசி இரண்டு மணி நேரம். ஏழு மணி நேரம் என்பது தொடங்கியபோது இருந்த கணக்கு, ஊற்று நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்தது. குறைவதெல்லாம் கடைசியில் நிற்கிற என் தலையில்தான் விழும். ஒன்பதுக்கு ஆறுக்கு நாலுக்கு இரண்டு. விகிதம் சரி. தண்ணீர்தான் இல்லை. அந்த இடத்தில் உட்கார்ந்து அழுதேன், அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம்.

சாயந்தரமே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். மாமாவும் அங்கேதான் இருந்தார். சித்தப்பாவை நானே கூப்பிட்டுக்கொண்டு போயிருந்தேன். "மணி நேரம் அப்படியே இருக்கட்டும் பெரியப்பா. வரிசைய மட்டும் மாத்துவோம். அடுத்த சுத்து கீழ இருந்து மேல போகட்டும். மொதல்ல நான், கடைசியில நீங்க. அதுக்கடுத்த சுத்து பழையபடி" என்றேன். எவ்வளவு நியாயமான பேச்சு! இதற்குப் பெருக்கல் வேண்டாம், வகுத்தல் வேண்டாம், சாக்பீஸ்கூட வேண்டாம்.

மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி இருந்தது.

"தலைமடை இருக்க, கடைமடைக்கு மொதல்ல தண்ணியா? ஊருல எங்கனயாவது கேட்டுருக்கியாத்தா?" என்றார் பெரியப்பா. கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். "கடைமடைக்கு மொதல்ல விட்டா, போற வழியிலயே மண்ணு குடிச்சிரும். தண்ணி அங்கன போய்ச் சேராது. அதுக்குத்தான பெரியவுக இப்படி வச்சாக."

"அது வாய்க்கால்ல போன காலத்துல பெரியப்பா. இப்பக் குழாயில போகுது. குழாய்த் தண்ணிய மண்ணு எப்படிக் குடிக்கும்?"

"குழாயா இருந்தா என்ன, வாய்க்காலா இருந்தா என்ன? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

மாமா ஆமாம் என்றார். சித்தப்பாவும் ஆமாம் என்றார். மடங்குக்குச் சண்டை போட்டு எட்டில் ஒன்றுக்கு அடம் பிடித்தவர், ஐந்து வேண்டும் என்று நின்றவர் இரண்டு பேரும் இதில் மட்டும் ஒரு சொல்கூட மாறிப் பேசவில்லை. பெரியப்பா என்னை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "நீ கேட்ட ரெண்டு மணி நேரத்தக் குடுத்தாச்சுல்லத்தா? இதுல எங்க மேல என்ன கொற?" என்றார். கேட்டது இரண்டு மணி நேரம்தான். கொடுத்ததும் இரண்டு மணி நேரம்தான்.

அதற்குப் பிறகும் இரண்டு சுற்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் குழாய் முன்னைவிடச் சீக்கிரம் இருமியது. கொத்தைச் சுமந்துகொண்டு தண்ணீரும் இல்லாமல் நின்றால் கொடியே பட்டுப்போகும், பாதிக் கொத்தை இறக்கிவிட்டால் மிச்சமாவது தேறும் என்று பக்கத்துப் பந்தல்காரர்கள் சொன்னார்கள். வேறு வழி இல்லை. வீட்டுக்காரர் ஒரு நாள் ஜீப்பை நிறுத்திவிட்டு இரண்டு கத்தரியோடு வந்தார். பந்தலுக்கு அடியில் நின்று மேலே பார்த்தார். பச்சைக் கொத்து அடை அடையாகத் தொங்கியது.

"எங்கன இருந்து வெட்ட?" என்றார்.

"ஓடப் பக்கம். கடைசி வரிசையில இருந்து."

"அங்கனதான நல்லாக் காய்ச்சுக் கெடக்கு? இந்தப் பக்கம் மூணு கொத்துன்னா அந்தப் பக்கம் அஞ்சு கொத்துல்ல இருக்கு?"

"நல்லாக் காய்ச்சு என்ன செய்ய? விடுற தண்ணி அங்கன போய்ச் சேராதுல்ல" என்றேன்.

அவர் கையில் இருந்து ஒரு கத்தரியை வாங்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனேன்.